நான்கு நண்பர்கள், நான்கு புத்தகங்கள்: சொந்தமாக வெளியிடும்போது எத்தனை பிரதி, எந்த வழி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர்கள் நால்வர். ஒருவரிடம் நாவல், ஒருவரிடம் கவிதைத் தொகுப்பு, ஒருவரிடம் படங்களோடு சமையல் நூல், உங்களிடம் உங்கள் ஊரின் வரலாறு. பதிப்பகங்களுக்கு அனுப்பி மாதக்கணக்காகியும் பதில் இல்லை. இப்போது, பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத்தரும் ஒரு நிறுவனம் நான்குக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ் சொல்கிறது. ஆளுக்கு 500 பிரதி போட்டால்தான் அடக்கவிலை குறையும் என்கிறது. பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இருக்கும் கேள்வி இன்னொன்று: இந்த நான்கு புத்தகங்களும் ஒரே வழியில் வாசகரைச் சேருமா? சேராது. நாவலுக்குச் சரியாக இருப்பது கவிதைக்கு வீண் செலவாகும், சமையல் நூலுக்கு நஷ்டமாகும். அதனால் முதலில் 500 பிரதிக் கணக்கைப் பார்ப்போம், பிறகு வகை வகையாகப் பிரிப்போம்.

அடக்கவிலை குறையும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆஃப்செட் என்ற அச்சு முறையில் பக்கங்களைப் பதிக்கும் தகடு, அதாவது பிளேட், போடும் செலவும் மெஷின் ஓட்டத் தொடங்கும் செலவும் 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஒன்றே. பிரதி கூடக்கூட அது பங்கிடப்பட்டுக் குறையும். கணினிக் கோப்பிலிருந்து நேரே அடிக்கும் டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை, எனவே 50 பிரதி போட்டாலும் 100 போட்டாலும் ஒரு பிரதியின் விலை பெரிதாக மாறாது. பொதுவாக 300 பிரதிக்குக் கீழே டிஜிட்டல் லாபம், அதற்கு மேலே ஆஃப்செட் லாபம். அச்சகத்துக்கு அச்சகம் இந்த எல்லை முன்பின் நகரும். ஒரு கணக்குக்காக ஆஃப்செட்டில் 500 பிரதி, தலா ₹60 என்று வையுங்கள்: ₹30,000. டிஜிட்டலில் 100 பிரதி, தலா ₹90: ₹9,000. ஓராண்டில் 120 பிரதி விற்றால், ஆஃப்செட் புத்தகம் விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் ₹250 விழுங்கியிருக்கும். டிஜிட்டலில் தேவைப்பட்ட 20 பிரதியை மறுபடி போட்டு, அதே ₹90 கணக்கில் நிற்பீர்கள். மிச்சம் 380 பிரதி என்பது வீட்டில் ஏறக்குறைய 84 கிலோ காகிதம், கரையானிடமிருந்து காக்க வேண்டிய சுமை. அடக்கவிலையை அச்சிட்ட பிரதிக்குக் கணக்கிடாதீர்கள், விற்கும் பிரதிக்குக் கணக்கிடுங்கள். முதல் அச்சில் எத்தனை என்பதற்கு நான் சொல்லும் அளவு இதுதான்: புத்தகம் வந்ததும் பணம் கொடுத்து வாங்குவார் என்று பெயர் சொல்லி எழுத முடிந்தவர்களின் பட்டியல், அதோடு மதிப்புரைக்கும் நூலகங்களுக்கும் ஒரு 25. பெரும்பாலோருக்கு இது 100ஐத் தாண்டாது.

விலை வைக்கும் இடத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கடைக்காரர் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார், விநியோகஸ்தர் 40 முதல் 50 வரை கேட்பார். மேலே சொன்ன ₹90 அடக்கமுள்ள புத்தகத்துக்கு ₹250 விலை வைத்தால், விநியோகஸ்தருக்கு 45 விழுக்காடு போக ₹137.50 வரும், அடக்கம் போக ₹47.50 மிஞ்சும். நேரடியாக 10 விழுக்காடு தள்ளுபடியில், அஞ்சல் செலவை வாங்குபவரே ஏற்கும்படி விற்றால் ₹135 மிஞ்சும். மெய்ப்பு (பிழை திருத்தம்), அட்டை, பக்க வடிவமைப்பு மூன்றுக்கும் ₹20,000 செலவிட்டிருந்தால், அது திரும்ப நேரடி விற்பனையில் 149 பிரதி வேண்டும், விநியோகத்தில் 422 பிரதி வேண்டும். முதல் 100 பிரதியில் செலவு முழுக்கத் திரும்பாது. இது தெரிந்தே இறங்குங்கள். விலை அடக்கத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறைந்தால் கடை வழி விற்பனையையே மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது நாவல். நான்கில் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலுக்கு மிகப் பொருந்துவது இதுதான், குறிப்பாகத் துப்பறியும் கதை, அறிபுனை, குடும்ப நாவல். 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்களைக் கிண்டில் ஏற்கிறது. எழுத்தாளர் தன் நூலை அதில் ஏற்றும் கேடிபி தளத்தில், விலையில் ஆசிரியருக்குக் கிடைக்கும் பங்கு, அதாவது ராயல்டி, 35 விழுக்காடு, 70 விழுக்காடு என்று இரண்டு விகிதங்களில் உண்டு. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், விலை ₹99க்குக் குறையக் கூடாது, மேல்வரம்பும் உண்டு. செலக்டில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவிலும் கூடாது, கதைகளைத் தொடராக வெளியிடும் பிரதிலிபி தளத்திலும் கூடாது. நண்பர் அங்கே தொடராக எழுதி முடித்த நாவல் என்றால் முதலில் அங்கிருந்து எடுக்க வேண்டும், அல்லது 35 விழுக்காட்டோடு நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் சேர்ந்து, எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தபின் பதறுபவர்கள் நிறைய. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படித்த பக்கங்களுக்குத் தனியே பணம் வரும். 300 பக்க நாவலுக்கு அது நேரடி விற்பனையைவிடப் பெரிய வரவாகவே அமையலாம். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வாசகர்கள் அந்நாட்டுத் தளத்தில் வாங்குவார்கள். அந்த வருமானத்தில் 30 விழுக்காடு வரிப் பிடித்தம் உண்டு. வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் பலனைக் கோரினால் அது 15 ஆகும். இந்தியாவில் இந்த வருமானத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், அதில் நான் வழிகாட்டக் கூடாது.

கவிதைக்கு இதே வழி எதிராகத் திரும்பும். 80 பக்கக் கவிதை நூல் படித்த பக்கக் கணக்கில் எதையும் ஈட்டாது. அதைவிட முக்கியம் கவிதை வரி உடைவது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் கவிஞர் ஒரு வரியாக எழுதியது இரண்டாக மடங்கும், எது கவிஞர் உடைத்த வரி, எது கருவி உடைத்தது என்று தெரியாது. மின்னூலாகப் போட்டே ஆக வேண்டுமென்றால் மடங்கிய பகுதி உள்தள்ளி நிற்கும்படி ஹேங்கிங் இன்டென்ட் வையுங்கள். ஆனால் கவிதை கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய புத்தகம். கிரவுன் எனும் சிறிய அளவு, நல்ல காகிதம், 60 முதல் 75 பிரதி, கூட்டங்களில் கைக்குக் கை விற்பனை. அதில் போடும் பணம் வீணாவதில்லை. லாபம் பார்க்காமல் பரவலாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே கவிஞரின் விருப்பமென்றால், யாரும் இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலை வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இருக்கிறது. அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் ஏற்கெனவே பரவிய பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

சமையல் நூலில் சிக்கல் படங்களில் இருக்கிறது. கேடிபியில் 70 விழுக்காடு எடுத்தால், இந்தியத் தளத்தில் கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் ₹7 டெலிவரிக் கட்டணம் கழிப்பார்கள், 35ல் அந்தக் கழிவு இல்லை. ₹150 விலையுள்ள நூலின் கோப்பு 15 எம்பி என்றால் கட்டணமே ₹105, மிச்சம் ₹45ல் 70 விழுக்காடு ₹31.50. அதே நூலுக்கு 35 விழுக்காடு எடுத்தால் ₹52.50. நாவலுக்கு 70 நல்லது, படம் நிறைந்த நூலுக்குப் பெரும்பாலும் 35 நல்லது. அச்சில் போடும்போது எல்லாப் பக்கத்திலும் வண்ணம் வேண்டாம். வண்ணப் படங்களை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 16 பக்கமாகத் திரட்டி நடுவில் வைத்து, குறிப்புகளைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். செல்பேசியில் எடுத்த படம் வாட்ஸாப் வழியே வந்திருந்தால் அச்சுக்கு ஆகாது, அது சுருங்கிவிட்ட படம். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். உள்ளடக்கத்தில் பெரிதாகச் சறுக்குவது அளவுகள். ஒரு குறிப்பில் ஆழாக்கு, அடுத்ததில் கப், இன்னொன்றில் கிராம் என்று இருந்தால் வாசகர் இரண்டாவது குறிப்பிலேயே நம்பிக்கை இழப்பார். ஒரே அளவுமுறையை நூல் முழுக்க வைத்து, உங்கள் கப் எத்தனை மில்லி என்று முன்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சமைக்கத் தெரியாத ஒருவரிடம் பத்துக் குறிப்புகளைக் கொடுத்துச் செய்யச் சொல்வதே இந்த வகைக்கு மெய்ப்புப் பார்ப்பது.

உங்கள் ஊர் வரலாறு மெதுவாக, ஆனால் பல ஆண்டுகள் விற்கக்கூடியது. ஊர்க்காரர்கள், வெளியூரில் குடியேறிய குடும்பங்கள், ஆய்வு மாணவர்கள் என்று வாங்குபவர் யார் என்பது முன்பே தெரியும். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு வந்தால் திருவிழாவே விற்றுக் கொடுக்கும். உழைப்பு வேறிடத்தில் வேண்டும். பழைய புகைப்படம் ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்தவரிடம் எழுத்தில் அனுமதி, பேட்டி கொடுத்த பெரியவர்களின் சம்மதம், கல்வெட்டுச் செய்தி என்றால் எந்தத் தொகுதி, எந்த எண் என்ற குறிப்பு. செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே எழுதுங்கள், நூலின் நம்பகம் அதில்தான் இருக்கிறது. பின்னிணைப்பாகச் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகரவரிசைப் பட்டியல், கட்டாயம் வையுங்கள். பக்க எண்கள் இறுதியான பிறகுதான் அதைத் தயாரிக்க முடியும், அதற்கென்று இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பாடல் வரிகளை எங்கும் மேற்கோளாகப் போடும்முன் யோசியுங்கள். நாட்டார் பாடல் என்றால் கவலையில்லை, பாடியவர் பெயரைப் போட்டால் போதும். திரைப்பாடல் என்றால் உரிமை யாரிடம் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை நிற்கும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கு அனுமதி தேவையில்லை. உங்கள் நூலுக்கு உரிமை எழுதிய கணத்திலேயே வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை.

நான்கு நூலுக்கும் பொதுவான இடம் எழுத்துருவும் மெய்ப்பும். பணத்தை இங்கே போடுங்கள். கணினியில் பக்கம் கட்டித்தரும் டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் பழைய குறியாக்க எழுத்துருக்களும் புழங்குகின்றன. அதில் செய்த கோப்பு அச்சில் அழகாகவே வரும், ஆனால் அப்படியே மின்னூலாக்க முடியாது, அடுத்த பதிப்புக்கு வேறு கடைக்கும் எளிதில் கொண்டுபோக முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் ஒரு மூலப் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும், மெய்ப்புத் திருத்தங்கள் அதிலும் ஏற வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர் அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது க்ஷ, ஸ்ரீ, ஔ ஆகியவை உடையும், காலும் ரகரமும் இடம் மாறும். கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றுண்டு. கௌ, மௌ போன்றவற்றைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மௌனம் என்ற சொல் தலைப்பில் அப்படி இருந்தால், சரியாகத் தட்டித் தேடும் வாசகருக்கு உங்கள் புத்தகம் கிடைக்கவே கிடைக்காது. கோப்பு முழுக்க கெள, மெள, செள, பெள என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றினால் "கெளுத்தி" போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும்.

மெய்ப்பு மூன்று சுற்று. முதல் சுற்று ஆசிரியர், இரண்டாவது வேறொருவர், மூன்றாவது பக்கம் கட்டியபின் காகிதத்தில் அச்செடுத்து. திரையில் கண் தாண்டிப்போகும் ஒற்றுப் பிழைகளும் ரகர றகரக் குழப்பமும் காகிதத்தில் சிக்கும். பக்கம் கட்டுவதற்கு, நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் 11 அல்லது 12 பாயின்ட் எழுத்து, வரிக்கு வரி 16 பாயின்ட் இடைவெளி நன்றாக இருக்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய 210 சொற்கள் பிடிக்கும். 38,000 சொல் நாவல், முன்பக்கங்கள் எட்டையும் சேர்த்தால் 190 பக்கத்தை ஒட்டி வரும். அச்சகம் ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் 192ல், அதாவது 12 ஃபாரத்தில் முடியும்படி சரிசெய்யுங்கள். 194 பக்கமானால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தின் செலவு ஏறும். காகிதம் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாள் போதும், அட்டை 300 ஜிஎஸ்எம். முதுகின் அகலம் காகிதம் முடிவான பிறகே தெரியும், 192 பக்கத்துக்கு 9 மில்லிமீட்டர் அளவில் வரும். அட்டை வடிவமைப்பாளர் அதற்கு முன்பே முதுகை முடித்துவிட்டால் தலைப்பு அட்டையின் முகப்பில் வழிந்துவிடும். அட்டையின் நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் விடச் சொல்லுங்கள். 500 போடுவதானாலும் 50 போடுவதானாலும், ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்து, முதுகை முழுக்க விரித்துப் பசை நிற்கிறதா என்று பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் கொடுங்கள்.

ஒவ்வொரு நூலுக்குமான உலகளாவிய அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை ஆன்லைனில் தருகிறது, ஆசிரியரே பதிப்பாளராகவும் விண்ணப்பிக்கலாம். இலங்கையில் இருப்பவர்கள் அங்குள்ள தேசிய நூலகத்தில் பெற வேண்டும். பேக்கேஜ்காரர் ஐஎஸ்பிஎன் வாங்கித் தர என்று தனித்தொகை கேட்டால் அது அவருடைய சேவைக் கட்டணம் என்று புரிந்துகொள்ளுங்கள். அவருடைய எண்ணில் போட்டால் பதிப்பாளர் என்று பதிவாவது அவர் பெயர்தான். அச்சுக்கு ஒரு எண், மின்னூலுக்குத் தனி எண். கிண்டிலில் மட்டும் போட ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. எண் கிடைக்க நாளாகலாம், எனவே அட்டை முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வேறு நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: திருத்திய மூலக் கோப்பு உங்களுக்குத் தரப்படுமா, உரிமை எத்தனை ஆண்டு அவர்களிடம் இருக்கும், விற்பனைக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், மிஞ்சிய பிரதிகளை எந்த விலைக்குத் திருப்பி எடுக்கலாம். இவற்றில் ஒன்றுக்கு வாய்மொழியாக மட்டும் பதில் வந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் பதிப்பாளர் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அபராதம் சிறியது, அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சிறு பதிப்பு நூல்கள் பத்தாண்டில் எங்குமே கிடைக்காமல் போகின்றன, உங்கள் ஊர் வரலாற்றை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடினால் இருக்கப்போகும் இடம் அதுதான். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கத் தமிழக அரசு தரும் நூலக ஆணை வந்தால் நல்லது, விண்ணப்பியுங்கள். ஆனால் அது வருமா, எப்போது வரும், எத்தனை பிரதிக்கு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நம்பி பிரதி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். அதேபோல, உங்கள் நாவல் எத்தனை விற்கும் என்று எழுத்தைப் படிக்காமல் என்னால் சொல்ல முடியாது, படித்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அஞ்சலில் அனுப்புவதற்கு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை இருக்கிறது. 300 கிராம் வரை ₹20, அதோடு வரி. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது. ஊர் வரலாறு இதில் அடங்கும், மற்ற மூன்றையும் ஏற்பார்களா என்று உங்கள் அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். 192 பக்க டெமி நூல் 70 ஜிஎஸ்எம்மில் சுமார் 220 கிராம், உறையோடும் 300க்குள் நிற்கும். அதையே 224 பக்கமாக்கி 80 ஜிஎஸ்எம்முக்குப் போனால் 290ஐத் தொடும், உறையோடு அடுத்த கட்டணத்துக்குத் தாண்டிவிடும். காகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குள் வர வேண்டும் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால், அச்சகங்கள் நவம்பரிலேயே நிரம்பத் தொடங்கும். செப்டம்பருக்குள் மெய்ப்பு முடிய வேண்டும், அக்டோபரில் ஐஎஸ்பிஎன்னும் அட்டையும், நவம்பர் நடுவில் மாதிரிப் பிரதி. தனி ஆசிரியர்களாக அரங்கு எடுப்பதைவிட, ஏற்கெனவே அரங்கு வைத்திருக்கும் சிறு பதிப்பகம் ஒன்றிடம் தலைக்கு 20 பிரதி விற்பனைக்குக் கொடுத்து, ஒப்புதல் சீட்டில் எண்ணிக்கையும் கழிவும் எழுதி வாங்குவது எளிது. கண்காட்சியில் வாசகருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி வழக்கம், அது யார் பங்கிலிருந்து போகிறது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்றுதான் இந்த ஆண்டு தயாராகும் என்றால் ஊர் வரலாற்றை முதலில் கொண்டுவாருங்கள். தகவல் சொன்ன பெரியவர்கள் இருக்கும்போதே அது அவர்கள் கைக்குப் போக வேண்டும். மற்ற மூன்றும் ஓராண்டு காத்திருக்கலாம்.